பச்சைத் தோலில் கருமை சேர்ப்பது

பச்சை மரமலைப்பாம்பின் உடலில் பச்சை நிறமி என்று தனியாக எதுவும் கிடையாது. அதன் தோலில் மூன்று வகை நிறச்செல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே இருப்பவை மஞ்சள் நிறமியைச் சுமக்கும் செல்கள். நடுவில் இருப்பவை குவானின் என்ற பொருளின் நுண்தகடுகளை வைத்திருக்கும் செல்கள். இவற்றில் நிறமி இல்லை, ஆனால் உள்ளே வரும் ஒளியில் நீலப் பகுதியை மட்டும் சிதறடித்து மேலே திருப்பி அனுப்பும். அடியில் இருப்பவை மெலனின் என்ற கருநிறமி நிறைந்த செல்கள். நடு அடுக்கிலிருந்து திரும்பும் நீல ஒளி மஞ்சள் அடுக்கைக் கடந்து வரும்போது கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. திரும்பாத மற்ற ஒளியை அடியிலுள்ள கருஞ்செல்கள் விழுங்கிவிடுகின்றன. அவை இல்லாவிட்டால் பச்சை வெளிறிப்போய் மோர் கலந்தது போல இருக்கும்.

அடுக்குகளை நம்பியிருக்கும் நிறம் என்பதால் ஓர் அடுக்கு குறைந்தாலே நிறம் மாறிவிடும். பச்சைப் பாம்புகளை அருங்காட்சியகங்களில் சாராயத்தில் போட்டு வைத்தால் மஞ்சள் நிறமி கரைந்து போய், உடல் நீலமாகிறது. உயிரோடு இருக்கும் பாம்பிலும் மஞ்சள் குறைந்தால் இதே நீலம் எழும். கருஞ்செல்கள் அடியில் மட்டும் இருக்காமல் மேல் அடுக்குகளிலும் கூடிக்கொண்டால் அந்த இடத்துச் செதில் கருப்பாகிறது. கரும் மரமலைப்பாம்பை உருவாக்க முயல்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருக்க நினைப்பது இந்தக் கடைசி மாற்றத்தையே. பச்சையின் அடியில் ஏற்கெனவே இருக்கும் கருமையை மேலே கொண்டுவந்து பரப்பும் வேலை அது.

மலேசியாவிலும் வளர்க்கப்படும் இந்தப் பாம்பு அந்நாட்டுக் காடுகளைச் சேர்ந்ததில்லை. நியூகினித் தீவும், அதைச் சுற்றியுள்ள ஆரு, பியாக், மிசூல் போன்ற சிறு தீவுகளும், ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள கேப் யார்க் மழைக்காடுகளும் அதன் இருப்பிடம். நெதர்லாந்தில் பணியாற்றிய ஜெர்மன் விலங்கியலாளர் ஹெர்மன் ஷ்லேகல் 1872இல் ஆரு தீவுகளிலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நெடுங்காலம் காண்ட்ரோபைத்தான் என்ற தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்ததால் உலகெங்கும் பாம்பு வளர்ப்போர் இதை இன்றும் 'காண்ட்ரோ' என்றே அழைக்கிறார்கள். 1993இல் அது மொரேலியா பேரினத்தில் சேர்க்கப்பட்டது. நியூகினியின் நடுவே கிழக்கு மேற்காக ஓடும் மலைத்தொடருக்கு வடக்கே வாழ்பவையும் தெற்கே வாழ்பவையும் மரபணுவில் வெகுதூரம் விலகியவை என்று 2003இல் காட்டப்பட்டது. 2020இல் அவை இரண்டு தனி இனங்களாகவே பிரிக்கப்பட்டன. தெற்கே உள்ளது மொரேலியா விரிடிஸ், வடக்கே உள்ளது மொரேலியா அசூரியா. கருமைக்காக இணை சேர்ப்பவர்களுக்கு இந்தப் பிரிவு ஒரு நடைமுறைச் சிக்கலைத் தந்திருக்கிறது. பழைய வளர்ப்பு வம்சங்களில் பல, இரண்டு பகுதிப் பாம்புகளும் கலந்து பிறந்தவை.

இடத்துக்கு இடம் நிறமும் மாறும். பியாக் தீவுப் பாம்புகள் வளர்ந்த பிறகும் மஞ்சள் திட்டுகளை விடாமல் வைத்திருப்பது வழக்கம். ஆரு தீவுப் பாம்புகளின் பச்சை முதுகில் வெள்ளைச் செதில்கள் சிதறிக் கிடக்கும். முழுக்கக் கருத்த இனம் என்று காட்டில் எங்கும் இல்லை. ஆங்காங்கே சில பாம்புகளில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் இருக்கும். வளர்ப்போருக்கு மூலப்பொருள் அவ்வளவுதான்.

முட்டையிலிருந்து வெளிவரும்போது இந்தப் பாம்பு பச்சையாக இருப்பதே இல்லை. குட்டிகள் பளிச்சென்ற மஞ்சளாகவோ செங்கல் சிவப்பாகவோ பிறக்கின்றன. ஒரே ஈட்டில் இரண்டு நிறமும் வரலாம். கேப் யார்க்கின் அயர்ன் ரேஞ்ச் காட்டில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் நீளத்தை எட்டும்போது, அதாவது ஒரு வயதை ஒட்டி, நிறமாற்றம் நிகழ்வதைப் பதிவு செய்தது. சிறு குட்டிகள் காட்டின் விளிம்பிலும் வெளிச்சமான இடைவெளிகளிலும் தரைக்கு அருகே பல்லி, பூச்சிகளைத் தேடுகின்றன. அங்கே மஞ்சளும் சிவப்பும் உதிர்ந்த இலைகளோடு ஒன்றிப்போகும். வளர்ந்தவை மர உச்சிக்கு ஏறி எலியையும் பறவையையும் பிடிக்கின்றன. அங்கே பச்சைதான் மறைக்கும். இரண்டு வாழிடத்துக்கு இரண்டு நிறம்.

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கரையோரமாக வடக்கே போனால் கோல சிலாங்கூரின் மலாவத்தி குன்றில் இந்த நிறமாற்றத்துக்கு, பாம்போடு உறவில்லாத ஒரு விலங்கில் உவமை கிடைக்கும். அங்குள்ள வெள்ளி இலைக்குரங்குகள் கருஞ்சாம்பல் நிறத்தவை. தாயின் மார்பைக் கட்டிக்கொண்டிருக்கும் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் மின்னும். சில மாதங்களில் அந்த ஆரஞ்சு தலையிலிருந்தும் கைகால்களிலிருந்தும் தொடங்கிக் கருத்துப்போகிறது. குட்டியைப் பார்த்து வளர்ந்த குரங்கின் நிறத்தைச் சொல்ல முடியாது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. மரமலைப்பாம்பிலும் அதே நிலை. ஆனால் இலைக்குரங்குகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் போய் முடிகின்றன. மரமலைப்பாம்புக் குட்டிகளோ ஒவ்வொன்றும் வேறு வேறு பச்சையில், வேறு வேறு அளவு நீலத்திலும் மஞ்சளிலும் கருமையிலும் போய் நிற்கின்றன. ஓர் ஈட்டில் இருபது குட்டி பிறந்தால், அவற்றில் எது கருக்கும் என்று அறிய இருபதையும் வளர்த்துப் பார்க்க வேண்டும். பொறுமையில்லாமல் முதல் ஆண்டிலேயே விற்றுவிட்டவர்கள், தங்கள் வம்சத்தின் ஆகச் சிறந்த கரும்பாம்பை வேறொருவர் வீட்டில் பார்க்க நேர்ந்திருக்கிறது.

வளர்ப்பு உலகில் கருமைக்குப் பெயர்போன ஒரு வகை உண்டு. அதன் குட்டிகள் உடல் முழுவதும் நுண்ணிய கரும்பொட்டுகளோடு பிறக்கும். பாம்புகளின் மேல் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் உண்ணிகள் மொய்ப்பது போலத் தோன்றுவதால் 'மைட் ஃபேஸ்', அதாவது உண்ணி நிறம், என்று பெயர் வந்தது. குட்டியில் பொட்டாக இருப்பது தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெருத்து, பல ஆண்டுகளில் திட்டாகி, சில பாம்புகளில் பச்சையைவிடக் கருப்பு அதிகம் என்ற நிலைக்கு வருகிறது. சிலவற்றில் பொட்டு பொட்டாகவே நின்றுவிடும். ஒரே பெற்றோரின் குட்டிகளிடையே இவ்வளவு வேறுபாடு ஏன் என்பதை அறிய, கருமை பரம்பரையாக வரும் இரண்டு வழிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வழி ஒற்றை மரபணு. இதற்கு உலகிலேயே சிறந்த எடுத்துக்காட்டு மலாய்த் தீபகற்பத்தில்தான் இருக்கிறது. இங்குள்ள சிறுத்தைகள் கிட்டத்தட்ட அனைத்தும் கருப்பு. 1996 முதல் 2009 வரை தீபகற்ப மலேசியாவிலும் தெற்குத் தாய்லாந்திலும் தானியங்கிக் கேமராக்களில் பதிவான படங்களைத் தொகுத்து 2010இல் வெளியான ஆய்வு, கிரா பூசந்திக்குத் தெற்கே புள்ளிச் சிறுத்தை ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டதைக் காட்டியது. சிலாங்கூரில் பூச்சோங்கை ஒட்டிய ஆயர் ஈத்தாம் காட்டில்கூட கருஞ்சிறுத்தை பதிவாகியிருக்கிறது; அந்தக் காட்டின் பெயருக்கே மலாயில் கருநீர் என்று பொருள். சிறுத்தையின் கருமைக்குக் காரணம் அசிப் என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு பழுது என்று 2012இல் கண்டறியப்பட்டது. அந்த மரபணு சரியாக வேலை செய்தால் கருநிறமி உற்பத்தியை இடையிடையே நிறுத்தி மஞ்சளுக்கு வழிவிடும். பழுதுபட்டால் நிறுத்த ஆளில்லை. உடல் முழுவதும் கருக்கிறது. புள்ளிகளும் போய்விடுவதில்லை, கருமைக்குள் கருமையாக மறைந்திருக்கும். அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்தால் அவை தெளிவாகத் தெரிகின்றன. ஆய்வாளர்கள் இந்த நுட்பத்தைக் கொண்டுதான் திரெங்கானு காடுகளில் கருஞ்சிறுத்தைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு எண்ணினார்கள்.

இந்தப் பழுது ஒடுங்கு தன்மை உடையது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதுப் பிரதிகள் சேர்ந்தால்தான் குட்டி கருக்கும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் புள்ளிச் சிறுத்தையாகவே இருந்து கருமையை மறைவாகச் சுமக்கும். அப்படிச் சுமக்கும் இரண்டு சேர்ந்தால் நான்கில் ஒரு பங்குக் குட்டி கருப்பாகப் பிறக்க வாய்ப்பு. இரண்டு கருப்புகள் சேர்ந்தால் எல்லாக் குட்டிகளும் கருப்பே. தென்னமெரிக்க ஜாகுவாரில் கருமை வேறொரு மரபணுவால் வருகிறது, அங்கே ஒரு பிரதியே போதும்.

கிள்ளான் சந்தையில் மூலிகைச் சூப்புக்காக விற்கப்படும் கருங்கோழியும் இந்தக் குடும்பத்துக் கதைதான். சீனத்துப் பட்டுக்கோழி, இந்தோனேசியாவின் செமானி, மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டத்தின் கடக்நாத் ஆகிய கோழிகளில் தோல் மட்டுமின்றி எலும்பை மூடிய சவ்வு வரை கருமை பரவியிருக்கும். மரபணுத் தொகுதியின் ஒரு பகுதி இரட்டிப்பானதால், நிறச்செல்களைப் பெருகச் சொல்லும் ஒரு புரதம் கருவிலேயே அளவுக்கு மீறிச் சுரக்கிறது. கருஞ்செல்கள் தாங்கள் நிற்க வேண்டிய எல்லையில் நிற்காமல் உடலுக்குள் எல்லா இடத்துக்கும் போய்விடுகின்றன. தமிழ்நாட்டிலும் இப்போது பண்ணைகளில் வளர்க்கப்படும் கடக்நாத்தை மற்ற நாட்டுக்கோழியோடு சேர்த்தால் அடுத்த தலைமுறையிலேயே கருமை தெரியும். இந்த வகைக் கருமையை நிலைப்படுத்துவதற்கு இரண்டு மூன்று தலைமுறை போதும்.

பச்சை மரமலைப்பாம்பின் கருமை இப்படி வராததுதான் அந்தத் தொழிலின் கஷ்டம். அது இரண்டாவது வழியைச் சேர்ந்ததாகவே தெரிகிறது. பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் சிறு பங்கு. மனிதர்களில் உயரம் எப்படி வருகிறதோ அப்படி. நெட்டையான பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளைகள் பொதுவாக நெட்டை, ஆனாலும் வீட்டுக்கு ஒருவர் குட்டையாக இருப்பார். பெற்றோரின் சராசரியைவிடப் பிள்ளைகளின் சராசரி ஊர்ச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இறங்கும். கரும்பாம்பு இரண்டைச் சேர்த்தவர் கிடைத்த குட்டிகளைப் பார்த்து ஏமாறுவதற்கு இந்த இறக்கமே காரணம். பொட்டு இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு பெரிய மரபணுவின் கை இருக்கலாம். பொட்டு எவ்வளவு விரியும் என்பது பலவற்றின் கூட்டு.

கால்நடை இனவிருத்தியில் நெடுங்காலமாகப் பயன்படும் எளிய கணக்கு ஒன்று இதற்கும் பொருந்தும். ஒரு கூட்டத்தில் உடல் பரப்பில் சராசரியாக 8 விழுக்காடு கருப்பு என்று கொள்வோம். அவற்றுள் உடல் பரப்பில் சராசரியாக 20 விழுக்காடு கருத்தவற்றை மட்டும் பெற்றோராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வின் வேறுபாடு 12. அந்த வேறுபாட்டில் எவ்வளவு உண்மையில் மரபால் வந்தது, எவ்வளவு வளர்ப்பாலும் தற்செயலாலும் வந்தது என்பதை மரபுப்பங்கு என்ற எண் சொல்லும். அது 0.4 என்றால், 12ஐ 0.4ஆல் பெருக்கிக் கிடைக்கும் 4.8 அடுத்த தலைமுறையின் ஆதாயம். சராசரி 8லிருந்து 12.8க்கு ஏறும், 20க்கு ஏறாது. மரபுப்பங்கு 0.1 ஆக இருந்தால் ஏற்றம் 1.2 மட்டுமே. எடுத்துக்கொண்ட எண்கள் விளக்கத்துக்கானவை. கணக்கின் போக்கு உண்மை. தேர்வை எவ்வளவு கடுமையாகச் செய்தாலும், மரபால் வராத பங்கு அடுத்த தலைமுறைக்குப் போகவே போகாது.

அந்த மரபால் வராத பங்கை அடையாளம் காண்பது அனுபவம் கேட்கும் வேலை. முட்டை சுமக்கும் பெண் மரமலைப்பாம்புகளில் பல, ஹார்மோன் மாற்றத்தால் நீலம் கலந்து அடர்ந்து தெரியும். சில மீண்டும் பச்சைக்குத் திரும்பும், சில திரும்பாது. அந்த அடர்நிறம் குட்டிகளுக்குப் போகும் என்று எண்ணி இணை சேர்த்தால் கைக்கு எதுவும் வராது. தோலுரிக்கும் முன்பும் எல்லாப் பாம்பும் மங்கிக் கருத்ததாகவே தோன்றும். ஆகவே ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு பாம்பையும் தோலுரித்த சில நாள்களுக்குள், ஒரே வெளிச்சத்தில், ஒரே வயதில் படமெடுத்து வைத்து, படத்தை வைத்தே ஒப்பிடுகிறார்கள். உரித்த சட்டையையும் பத்திரப்படுத்துவது பயன் தரும். மேல்தோலுக்குள் வந்து சேர்ந்த மெலனின் உரித்த சட்டையில் சாம்பல் நிழலாகத் தெரியும்.

காலக் கணக்கு இதைவிடக் கடினம். பெண் பாம்பு முட்டையிடும் உடற்கட்டை எட்ட மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஓர் ஈட்டில் பெரும்பாலும் 10 முதல் 25 முட்டைகள். காட்டில் தாய் அவற்றைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை நடுக்கி உடல் சூட்டை உயர்த்தி அடைகாக்கும். வளர்ப்பில் 30 பாகை செல்சியஸ் அளவில் கருவிப்பெட்டியில் வைத்தால் 50 நாள் அளவில் பொரிக்கும். குட்டி ஒவ்வொன்றும் 10 கிராம் எடையுள்ள மெல்லிய கயிறு போல இருக்கும். முதல் இரையைக் கவ்வ வைப்பதற்கே வாரக்கணக்கில் மெனக்கெட வேண்டும். அதன்பின் நிறம் மாற ஓராண்டு, கருமை விரிய மேலும் பல ஆண்டுகள். ஒரு தலைமுறைக்கு நான்கு ஆண்டு என்று கணக்கிட்டாலும் ஐந்து தலைமுறைக்கு இருபது ஆண்டுகள். முப்பது வயதில் தொடங்கியவர் ஐம்பதில்தான் தன் ஐந்தாம் தலைமுறையைப் பார்ப்பார்.

இந்த இருபது ஆண்டைக் குறைக்க நினைக்கிறவர்கள் கையிலெடுப்பது நெருங்கிய உறவுகளைச் சேர்ப்பது. கரும்பொட்டுள்ள அண்ணனையும் தங்கையையும் சேர்த்தால் ஒரே மரபணுக்கள் இரட்டிப்பாகும் வாய்ப்பு கூடுகிறது, கருமையும் விரைவில் கூடுகிறது. கூடவே நோய்க்கூறுகளும் இரட்டிப்பாகின்றன. உடன்பிறந்தவற்றைச் சேர்த்தால் உள்ளினப் பெருக்கக் குணகம் முதல் தலைமுறையிலேயே 0.25, தொடர்ந்து ஐந்து தலைமுறை அப்படியே செய்தால் 0.67. அதாவது மரபணு இடங்களில் மூன்றில் இரண்டு பங்கில் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் நகலாகிவிடும். கருவுறாத முட்டைகள், பொரிக்காத முட்டைகள், இரை எடுக்க மறுத்து மெலிந்து சாகும் குட்டிகள், முதுகெலும்பு நெளிந்த குட்டிகள் என்று அதன் விலை வரும்.

மனிதர் யாரும் இணை சேர்க்காமலே ஒரு காட்டு விலங்கும் இதே உறவுக்குள் பெருக்கத்துக்கு ஆளாகியிருக்கிறது. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்து, ஏறக்குறையக் கருப்பாகத் தெரியும் புலிகள் இருக்கின்றன. பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021இல் அதற்குக் காரணமான மரபணுப் பழுதைக் கண்டுபிடித்தது. சிமிலிபாலுக்கு வெளியே அது நந்தன்கானன், ராஞ்சி, சென்னை வண்டலூரின் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆகிய இடங்களில் வளர்ப்பில் இருந்த சில புலிகளில் மட்டுமே தெரிந்தது. அவற்றின் வேரும் சிமிலிபால் தொடர்புடையது. மற்ற புலிகளோடு கலக்க வழியின்றிச் சிறு கூட்டமாகத் தனித்துவிட்டதால் தற்செயலாகவும் உறவுக்குள் பெருக்கத்தாலும் அந்தப் பழுது அங்கே பெருகியிருக்கிறது. காண்பதற்கு அரிய அழகு அது. அதே சமயம், அந்தக் கூட்டம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதற்கான அறிகுறியும்கூட. வளர்ப்புக் கூண்டில் கருமையைக் கூட்டுகிறவர்கள் உருவாக்குவது ஒரு சின்ன சிமிலிபாலையே என்பதை மறக்கக் கூடாது. இதற்கு அறியப்பட்ட மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு இரண்டு தலைமுறைக்கும் ஒருமுறை, உறவில்லாத நல்ல பாம்பொன்றைக் கொண்டுவந்து சேர்ப்பது. கருமை அந்த முறை பின்வாங்கும். உடல்நலம் முன்னேறும். பின்வாங்கிய கருமையை அடுத்த தலைமுறையில் மீட்டுக்கொள்ளலாம்.

உறவில்லாத பாம்பைத் தேடும்போதுதான் வடக்கு, தெற்கு என்ற பழைய சிக்கல் திரும்ப வருகிறது. இரண்டு இனங்களையும் கலந்தால் குட்டிகள் பிறக்கத்தான் செய்கின்றன. கம்பள மலைப்பாம்போடுகூடக் கலந்து 'கார்பாண்ட்ரோ' என்ற கலப்பை உண்டாக்கியிருக்கிறார்கள். நிறத்துக்காக அப்படிச் செய்வது அவரவர் விருப்பம். ஆனால் கலந்ததை எழுதி வைக்காமல் விற்பது பெருந்தவறு. பிற்பாடு வாங்குகிறவருக்குத் தன்னிடம் இருப்பது எந்தத் தீவின் பாம்பு என்று அறிய வழியே இல்லாமல் போகிறது.

இயற்கை எதற்காகக் கருமையைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை அறிய போர்ட் கிள்ளானின் கரையே போதும். துறைமுகத்துக்கு எதிரேயுள்ள கெத்தாம் தீவு போன்ற கிள்ளான் தீவுகளைச் சுற்றி அலையாத்திக் காடுகள் சேற்றில் நிற்கின்றன. மலாக்கா நீரிணைக் கரையின் இத்தகைய காடுகளில் வாழும் சதுப்புநிலக் குழிவிரியன், மரமலைப்பாம்பைப் போலக் கிளையில் அசையாமல் காத்திருந்து வேட்டையாடும் பாம்பு. அதன் உறவுகளில் பல பச்சை. இதுவோ கருஞ்சிவப்பு, கரும்பழுப்பு, மங்கிய ஆலிவ் என்று ஒரே இனத்துக்குள் பல அடர்நிறங்களில் கிடைக்கிறது. சேறும் நிழலும் ஈர வேரும் பின்னணியாக இருக்கும் இடத்தில் அடர்நிறம் மறைப்பாகிறது. நியூகினியின் மழைக்காட்டு உச்சியில் அதே நிறம் பாம்பைப் பருந்துக்குக் காட்டிக்கொடுக்கும். கரும் மரமலைப்பாம்பு காட்டில் பெருகாததற்கு இதுவே நம்பத்தக்க காரணம்.

இயற்கை கருமையைத் தேர்ந்தெடுப்பதற்கு இன்னொரு காரணம் துறைமுக நகரின் மாசோடு தொடர்புடையது. பசிபிக்கின் நியூ கலிடோனியாவில், நூமியா நகரை ஒட்டிய மாசுபட்ட கடலில் வாழும் ஆமைத்தலைக் கடல்பாம்புகள் பெரும்பாலும் கருப்பாகவும், மாசு குறைந்த பவளத்திட்டுகளில் வாழ்பவை வரிகளோடும் இருப்பதை 2017இல் ஓர் ஆய்வு விவரித்தது. மெலனின் துத்தநாகம் போன்ற உலோகங்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தோலுரிக்கும்போது அந்த உலோகமும் சட்டையோடு போய்விடும். கருத்த பாம்புகள் அடிக்கடி தோலுரிப்பதும் அங்கே காணப்பட்டது. நிறம் உடலின் கழிவு நீக்கத்துக்கே உதவக்கூடும் என்பதை இந்தக் கண்டுபிடிப்பு காட்டுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தட்பவெப்பம் மரமலைப்பாம்புக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. குளிர் நாடுகளில் கூண்டைச் சூடாக்க வேண்டியிருக்கும். இங்கே அதற்குத் தேவை குறைவு. தொல்லை வேறு வகையில் வரும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் ஈரம் தேங்கினால் பூஞ்சையும் மூச்சுக்குழல் தொற்றும் பிடிக்கும். குளிர் நாடுகளில் இரவு வெப்பத்தைச் சில பாகை குறைத்து இணை சேரும் பருவத்தைத் தூண்டுவார்கள். போர்ட் கிள்ளானின் இரவு அவ்வளவு தணிவதில்லை. ஒத்த தட்பவெப்பம் இன்னொரு பொறுப்பையும் தருகிறது. தப்பிய பாம்பு இங்கே பிழைத்துக்கொள்ளக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காபித் தோட்டப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்த காகங்கள் இன்று பள்ளத்தாக்கு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. கூண்டுக் கதவைப் பூட்டுவதும் இனவிருத்தி வேலையின் ஒரு பகுதியே.

மலைப்பாம்புக் குடும்பம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைக்கு உட்பட்டது. மரமலைப்பாம்பு அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டிக் கொண்டுவர ஏற்றுமதி நாட்டின் அனுமதிச் சீட்டு வேண்டும். மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் பன்னாட்டு வணிகச் சட்டம் இதை நடைமுறைப்படுத்துகிறது. தீபகற்பத்தில் காட்டுயிர்களை வைத்திருப்பதையும் விற்பதையும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, கட்டுப்படுத்துகிறது; உரிமம் தருவது பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறை. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2010இல், ஆகஸ்ட் மாதம், கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்தில் ஜகார்த்தாவுக்குப் போகவிருந்த ஒரு பயணப்பெட்டி பெல்ட்டில் உடைந்து திறக்க, உள்ளே 95 போவா பாம்புகள் இருந்தன. போர்ட் கிள்ளான் துறைமுகத்திலும் 2022 ஜூலையில் ஆப்பிரிக்காவிலிருந்து மரப்பலகைகளோடு வந்த கொள்கலனில் 6 டன் யானைத் தந்தம் பிடிபட்டது. பாம்பானாலும் தந்தமானாலும் மறைத்துக் கொண்டுபோகும் பாதைகளில் இந்தப் பள்ளத்தாக்கும் ஒன்று.

மரமலைப்பாம்பைப் பொறுத்தவரை மோசடி பெட்டியில் நடப்பதைவிடக் காகிதத்தில் அதிகம் நடக்கிறது. இந்தோனேசியாவின் மாலுக்கு, மேற்குப் பாப்புவா, பாப்புவா மாகாணங்களில் 2009 ஆகஸ்ட் முதல் 2011 ஏப்ரல் வரை வணிகர்களிடம் நடத்திய கள ஆய்வில், காட்டிலிருந்து சட்டவிரோதமாகப் பிடிக்கப்பட்ட 4,227 பச்சை மரமலைப்பாம்புகளை லயன்ஸ், நாட்டூஷ் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் பதிவு செய்தார்கள். ஆண்டொன்றுக்கு 5,337க்கும் மேல் பிடிக்கப்படலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. இந்தோனேசியாவிலிருந்து 'பண்ணையில் பிறந்தவை' என்ற பெயரில் ஏற்றுமதியானவற்றுள் குறைந்தது 80 விழுக்காடு காட்டுப் பாம்புகள் என்றும் மதிப்பிட்டார்கள். பண்ணையில் ஒரு பெண் பாம்பை நான்கு ஆண்டு வளர்த்து முட்டையிட வைப்பதைவிடக் காட்டில் பொறுக்கிக் கொண்டுவருவது மலிவு. பண்ணைச் சீட்டு அதைக் கழுவிச் சுத்தமாக்கிவிடுகிறது.

கருமைக்காக இணை சேர்க்கிறவருக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. புதிய இரத்தம் தேவைப்படும் ஒவ்வொரு முறையும், அரிய நிறம் என்று ஒரு பாம்பு மலிவாக விற்பனைக்கு வரும்போதும், அது எங்கே பிறந்தது என்ற கேள்வி எழுகிறது. காட்டிலிருந்து வந்தது குடற்புழுவையும் நோயையும் கூண்டுக்குள் கொண்டுவரும். அதன் வம்சத்தில் கருமை இருந்ததா என்பதும் யாருக்கும் தெரியாது. அதே ஆய்வாளர்கள் இதற்கு ஓர் எளிய சான்றை முன்வைத்தார்கள்: முட்டை ஓடு. பண்ணையில் உண்மையிலேயே பொரித்த ஒவ்வொரு குட்டிக்கும் ஓர் ஓடு மிஞ்சும். காட்டில் பிடித்த பாம்புக்கு அதைக் காட்ட முடியாது. பண்ணைகள் ஓடுகளைச் சேர்த்துவைத்து, ஏற்றுமதி அனுமதி கேட்கும்போது எண்ணிக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் யோசனை. வம்ச ஏட்டில் தாய், தந்தை, ஈட்டின் தேதி, குட்டியின் முதல் படம், ஒவ்வொரு ஆண்டின் படம் ஆகியவற்றோடு அந்த ஓட்டையும் உலர்த்தி ஒரு காகித உறையில் வைத்துவிட்டால், பத்து ஆண்டு கழித்து அந்தப் பாம்பு முழுக்கக் கருத்து நிற்கும்போது, அது எந்த முட்டையிலிருந்து வந்தது என்று கேட்பவருக்கு உறையைப் பிரித்துக் காட்டலாம்.